'இதை இங்கே போடு'ன்னா எதை, எங்கே? ஆன்லைன் பாடத்தில் தவிக்கும் மாற்றுத்திறனாளி மாணவர்கள்

-நமது நிருபர்-

திங்கட்கிழமை என்றால் கலெக்டர் அலுவலகத்தில் கூட்டம் அலைமோதும். பட்டா, முதியோர் உதவித்தொகை, குடிநீர், சாக்கடை என்று ஆளாளுக்கு கையில் மனுவோடு நிற்பார்கள். கடந்த வாரம் அந்த வரிசையில் வந்த ஒரு மனு வித்தியாசமாக இருந்தது.

மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் தன் மகளை கையை பிடித்து அழைத்து வந்திருந்தார். மகளுக்கு பிறவியிலேயே பார்வை கிடையாது. பி.ஏ. பொருளாதாரம் 2-ம் ஆண்டு படிக்கிறார். பிளஸ்-2 வரை நல்ல மார்க். கல்லூரியிலும் ஒரு பேப்பர் கூட அரியர் இல்லை. ஆனால் ஆன்லைனில் எடுத்த ஒரு பாடத்தில் மட்டும் கோட்டை விட்டுவிட்டார்.

"தம்பி, நீங்க பத்திரிகைதானே? எம்பொண்ணு படிக்காம பெயில் ஆகலைங்க. அந்த கம்ப்யூட்டர் பாடத்துல என்ன இருக்குதுன்னே அதுக்கு தெரியலை. அதை எப்படி பரீட்சை எழுதும்? இதை எந்த ஆபீசர்கிட்ட சொல்றதுன்னு எனக்கு தெரியலைங்க" என்றார் அந்த தந்தை.

நமக்கும் சட்டென்று பதில் சொல்ல தெரியவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆன்லைன் பட்டப்படிப்பு பற்றி எனக்கு என்ன தெரியும்? டீக்கடையில் மூவரும் உட்கார்ந்து பேசினோம். அந்த மாணவி சொன்னதை கேட்ட பிறகுதான் விஷயம் எவ்வளவு பெரியது என்று புரிந்தது.

மீன் மாதிரி ஒரு எழுத்து

"வீடியோவுல சார் பேசுறது நல்லா காதுல விழுது அண்ணா. ஆனா 'இதை இங்கே கொண்டு வந்து, இதோட கூட்டினா இது வரும், பாருங்க'ன்னு சொல்றார். எதை, எங்கே? போர்டுல எழுதுறதை வாயால சொல்லவே மாட்டேங்கிறார். ஒரு மணி நேரம் கேட்டா 'இது, அது'ன்னு மட்டும்தான் மிஞ்சுது" என்றார் மாணவி.

அவர் எடுத்தது புள்ளியியல் பாடம். வாரா வாரம் ஆன்லைனிலேயே கேள்வி-பதில் எழுதி அனுப்ப வேண்டும். கேள்விகளை செல்போனே படித்துக் காட்டும். ஆனால் கணக்கு குறியீடுகளை படமாக ஒட்டி வைத்திருக்கிறார்கள். அந்த இடம் வந்தால் போன் 'இமேஜ்' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்கு தாவிவிடும்.

வேறு வழியில்லாமல் 8-ம் வகுப்பு படிக்கும் தம்பியை உட்கார வைத்து படிக்க சொல்லியிருக்கிறார். அவனுக்கு அந்த குறியீடு என்னவென்று தெரியவில்லை. "அக்கா, மீன் மாதிரி ஒரு எழுத்து போட்டிருக்குக்கா" என்று சொல்லியிருக்கிறான். அது 'ஆல்பா' என்று இவருக்கு புரிந்தபோது கெடு முடிந்துவிட்டது. அந்த வாரம் மார்க் பூஜ்ஜியம்.

எந்த கல்வி நிறுவனத்தின் பாடம் என்பதை இங்கே எழுதவில்லை. ஒரு இடத்தில் மட்டும் நடக்கிற சங்கதி இல்லை இது.

விருப்பம் இருந்தா படி, இல்லாட்டி விடு?

"ஆன்லைன் பாடம் என்ன கட்டாயமா? கஷ்டமா இருந்தா விட்டுட வேண்டியதுதானே" என்று கேட்பவர்கள் உண்டு. நிலைமை அப்படி இல்லை.

சென்னை ஐ.ஐ.டி. உள்பட 7 ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் 'என்.பி.டி.இ.எல்.' என்ற பெயரில் பாட வீடியோக்களை வெளியிடும் திட்டத்தை தொடங்கின. 2014-ல் இருந்து தேர்வு வைத்து சான்றிதழும் தருகிறார்கள். 2017 ஜூலை 9-ந்தேதி அப்போதைய ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி 'ஸ்வயம்' என்ற மத்திய அரசு தளத்தை தொடங்கி வைத்தார். யார் வேண்டுமானாலும் வீட்டில் இருந்தே இலவசமாக படிக்கலாம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

முதலில் ஒரு பருவத்தில் 20 சதவீத பாடங்களை ஸ்வயம் வழியாக படித்து கல்லூரி கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. 2021-ல் யு.ஜி.சி. அதை 40 சதவீதம் வரை உயர்த்தியது. பேராசிரியர் இல்லாத பாடத்துக்கு 'ஸ்வயத்துல எடுத்துக்கோங்க' என்று சொல்லி முடித்துக்கொள்ள கல்லூரிகளுக்கும் வசதியாகிவிட்டது.

நல்ல திட்டம்தான். ஐ.ஐ.டி. கேட்டை கூட பார்க்காத ஒரு கூலித்தொழிலாளி பிள்ளை, ஐ.ஐ.டி. புரொபசர் பாடத்தை ஓலைக்கொட்டகையில் உட்கார்ந்து கேட்கிறது என்றால் சும்மாவா? மாற்றுத்திறனாளிகளுக்கு இது இன்னும் பெரிய வரப்பிரசாதமாக இருந்திருக்க வேண்டும். பஸ் ஏற வேண்டாம். மாடிப்படி இல்லை. சக்கர நாற்காலியை தூக்க நாலு பேரை கூப்பிட வேண்டாம். வீட்டுக்குள்ளேயே கல்லூரி. வாசல் வரை வந்த அந்த கல்லூரி சிலருக்கு மட்டும் கதவை சாத்திக்கொள்கிறது என்பதுதான் கொடுமை.

2011 மக்கள்தொகை கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர். உயர்கல்வி நிறுவனங்களில் இவர்களுக்கு 5 சதவீத இடம் ஒதுக்க வேண்டும் என்பது 2016 சட்டம். சீட்டை கொடுத்துவிட்டு பாடத்தை கொடுக்காமல் இருந்தால் என்ன பிரயோஜனம்?

கண்ணை மூடி ஒரு சோதனை

அந்த மாணவி போனை எப்படி பயன்படுத்துகிறார் என்று நாமும் செய்து பார்த்தோம். வாசகர்களும் செய்து பார்க்கலாம். செலவு கிடையாது.

பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் 'டாக்பேக்' என்ற வசதி உள்ளேயே இருக்கிறது. செட்டிங்சில் போய் அதை ஆன் செய்ய வேண்டும். (சத்தத்தை கூட்டி குறைக்கும் 2 பட்டன்களையும் சேர்த்து 3 வினாடி அழுத்தினால் பல போன்களில் ஆன், ஆப் ஆகும். ஆப் செய்ய தெரியாமல் ஆன் செய்துவிட்டு திண்டாட வேண்டாம்!) இப்போது விரல் படுகிற இடத்தில் இருப்பதை போன் வாய்விட்டு சொல்லும். வலது பக்கம் தள்ளினால் அடுத்தது. இரண்டு முறை தட்டினால் திறக்கும்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஆன்லைன் பாடத்தை திறந்தோம். முதல் பட்டன்: "பெயரிடப்படாத பட்டன்." அடுத்தது: "பெயரிடப்படாத பட்டன்." அதற்கடுத்ததும் அதேதான். எது வீடியோவை ஓட்டும், எது மூடும், எது பதிலை அனுப்பும்? மூன்றையும் தட்டி பார்த்ததில் பாடமே மூடிக்கொண்டது. 10 நிமிடத்தில் வியர்த்துவிட்டது. கண்ணை திறந்து டாக்பேக்கை ஆப் செய்துவிட்டு ஒரு டீ சொன்னோம். அந்த பெண்ணால் கண்ணை திறக்க முடியாது.

அந்த பட்டனுக்கு 'ஓட்டு', 'நிறுத்து', 'அனுப்பு' என்று ஒரு வார்த்தை எழுதி வைப்பது மென்பொருள் எழுதுபவருக்கு ஒரு நிமிட வேலை. அதை எழுதவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

'அம்மா' என்று எழுதினால்...

வீடியோவுக்கு அடுத்து 'நோட்ஸ்'. நம் ஊரில் நோட்ஸ் எப்படி தயாராகிறது என்பது ஊரறிந்த ரகசியம். பழைய புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து, அதை செல்போனில் போட்டோ பிடித்து, பி.டி.எப். ஆக்கி வாட்ஸ்-அப் குரூப்பில் தட்டிவிடுவார்கள். அது பார்க்க எழுத்து மாதிரி இருந்தாலும் போனுக்கு அது வெறும் படம். நாலு பக்கத்தையும் வாய் திறக்காமல் கடந்துபோய்விடும்.

தமிழ் பாடத்தில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. டி.டி.பி. சென்டர்களில் இன்றும் பழைய எழுத்துருக்களில் டைப் அடிக்கிறார்கள். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால், திரையில் நமக்கு 'அம்மா' என்றுதான் தெரியும். ஆனால் உள்ளே பதிவாகியிருப்பது 'எம், கே, செமிகோலன், கே, எச்' என்ற ஆங்கில எழுத்துக்கள். பார்வையற்ற மாணவரின் கம்ப்யூட்டர் அதைத்தான் படிக்கும். அம்மா என்ற வார்த்தைக்கே இந்த கதி என்றால் பொருளாதாரம், புள்ளியியல் எல்லாம் என்ன ஆகும் என்று யோசித்து பாருங்கள்.

இதற்கு மருந்து யூனிகோடு. தமிழக அரசே 2010-ல் யூனிகோடு முறையை ஏற்று ஆணை போட்டுவிட்டது. அதற்கு பிறகு எத்தனையோ செல்போன் வந்து போய்விட்டது, பழைய எழுத்துரு மட்டும் போகவில்லை. யூனிகோடில் அடித்துவிட்டால் 'என்.வி.டி.ஏ.' என்ற இலவச மென்பொருள் தமிழை தமிழாக படிக்கும். இந்த மென்பொருளை 2006-ல் உருவாக்க தொடங்கியவர்கள் ஆஸ்திரேலியாவை சேர்ந்த 2 பார்வையற்ற இளைஞர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

வாய் அசைவு மட்டும் தெரியும்

பார்வையற்றவர் பாடு இப்படி என்றால், காது கேளாதவர் பாடு வேறு மாதிரி. அவருக்கு போர்டு தெரியும், வாத்தியார் வாய் அசைவது தெரியும். என்ன பேசுகிறார் என்பது தெரியாது.

அதற்குத்தான் பேச்சை திரைக்கு கீழே எழுத்தாக ஓடவிடுவது. கம்ப்யூட்டரே கேட்டு எழுதித் தரும் வசதியும் இருக்கிறது. ஆனால் பாடத்தில் வரும் துறை சொற்களையும், நம்மவர்கள் ஆங்கிலம் பேசும் வேகத்தையும் மிஷின் தப்பு தப்பாக பிடிக்கும். யாராவது உட்கார்ந்து திருத்த வேண்டும். திருத்தாமல் விட்டால் 'உண்டு' என்பது 'இல்லை' ஆகிவிடும். கேட்கிறவருக்கு தப்பு என்று தெரியும். கேட்காதவர் அதையே படித்து பரீட்சையில் எழுதிவிடுவார்.

எழுத்து ஓடினால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. பிறவியிலேயே காது கேளாத பலருக்கு சைகை மொழிதான் தாய்மொழி. தமிழும் ஆங்கிலமும் அவர்களுக்கு பிறகு கற்ற மொழிகள். வேகமாக ஓடுகிற ஆங்கில எழுத்தை பிடிப்பது லேசு இல்லை. சென்னை மாநிலக்கல்லூரியில் காது கேளாதோருக்கு தனியாக பட்ட வகுப்புகள் இருக்கின்றன. எல்லா ஊரிலும் அந்த வசதிக்கு எங்கே போவது? இந்திய சைகை மொழிக்காக 2015-ல் டெல்லியில் மத்திய அரசு ஒரு மையமே அமைத்தது. ஆனாலும் கல்லூரி பாடத்தை சைகையில் சொல்லும் ஆட்கள் எண்ணிக்கை போதாது.

கை நடுக்கம் உள்ளவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் இன்னொரு ரகம். 'மவுசால் இழுத்து இந்த கட்டத்தில் போடு' என்றால் அவர்களால் முடியாது. தேர்வுக்கூடத்தில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் கொடுக்கிறார்கள், எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம். இது 2013-ல் இருந்தே மத்திய அரசு வழிகாட்டுதலில் இருக்கிறது. ஆனால் வீட்டில் இருந்து வாரா வாரம் எழுதும் டெஸ்டுக்கு யார் ஆள் தருவது? என்.பி.டி.இ.எல். பாடங்களில் வாராந்திர அசைன்மெண்டுக்கு 25 மார்க், தேர்வுக்கு 75 மார்க். வேறு தளங்களிலும் ஏறக்குறைய இந்த மாதிரி பங்குதான். தேர்வு அன்று எழுத ஆள் இருக்கிறார். மீதி வாரங்களுக்கு 8-ம் வகுப்பு தம்பிதான்.

கோர்ட்டு என்ன சொன்னது?

சட்டம் இல்லையா என்றால், கைநிறைய இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமை சட்டத்தின் 42-வது பிரிவு, அச்சு, ஒலி, மின்னணு ஊடகத்தில் வருவது எல்லாம் இவர்களும் பயன்படுத்தும்படி இருக்க அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது. ஒலி விளக்கம், சைகை மொழி, திரை எழுத்து எல்லாம் அந்த பிரிவிலேயே இருக்கிறது. 2022-ல் யு.ஜி.சி.யும் கல்லூரிகளுக்கு தனியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது.

வழிகாட்டி என்றால் என்ன? 'செய்தால் நல்லது' என்று அர்த்தம். இங்கேதான் ஓட்டை.

இந்த ஓட்டையை சுப்ரீம் கோர்ட்டு 2024 நவம்பர் 8-ந்தேதி கையும் களவுமாக பிடித்தது. பார்வைத்திறன் குறைந்த ராஜீவ் ரத்தூரி என்பவர் 2005-ல் போட்ட வழக்கு அது. அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, 2017 விதிகளில் 15-வது விதி வெறும் சிபாரிசு போல் இருக்கிறது, சட்டம் கட்டாயம் என்று சொன்னதை விதி பல் பிடுங்கி வைத்திருக்கிறது என்ற ரீதியில் கண்டித்து, அந்த விதி செல்லாது என்றது. 3 மாதத்தில் கட்டாய விதிகளை எழுதவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

அடுத்து 2025 ஏப்ரல் 30-ந்தேதி இன்னொரு தீர்ப்பு. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசுன் தொடர்ந்த வழக்கு. வங்கிக்கணக்கு தொடங்க கேமரா முன்பு கண் சிமிட்ட சொன்னார்கள். சிமிட்ட முடியாதவர் எப்படி சிமிட்டுவார்? இந்த வழக்கில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அடங்கிய அமர்வு, இணைய வசதிகளை பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று சொல்லிவிட்டது.

வங்கிக்கு சொன்னது பாடத்துக்கும் பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாடலாம். நமக்கு தெரிந்த வரையில், கணக்கு தொடங்குவதே வாழும் உரிமை என்றால் கல்லூரி பாடம் அதற்கு குறைந்தது இல்லை.

20 ஆயிரம் வீடியோவை இழுத்து மூடிய கதை

கல்லூரிகளிடம் இதை கேட்டால் வரும் முதல் பதில், "செலவு ஆகும் சார்." இந்த பதிலை உலகத்திலேயே பெரிய பல்கலைக்கழகங்களும் சொல்லி பார்த்துவிட்டன. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் நடந்தது நம் ஊர் நிர்வாகிகள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

பெர்க்லி தன் வகுப்புகளை வருடக்கணக்கில் படம் பிடித்து இலவசமாக உலகத்துக்கே கொடுத்து வந்தது. பலவற்றில் சரியான திரை எழுத்து இல்லை. வாஷிங்டனில் காது கேளாதவர்களுக்காகவே நடக்கும் கல்லாடெட் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் 2 பேர் புகார் கொடுத்தார்கள். அமெரிக்க நீதித்துறை விசாரித்தது. 'இது மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு விரோதம்' என்று 2016 ஆகஸ்டில் கடிதம் அனுப்பியது.

பெர்க்லி என்ன செய்தது தெரியுமா? எழுத்து போடவில்லை. 2017 மார்ச்சில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடியோ, ஆடியோக்களை பொதுமக்கள் பார்வையில் இருந்து எடுத்துவிட்டது! காது கேளாதவருக்கும் இல்லை, கேட்கிறவருக்கும் இல்லை. 'இவங்க புகார் கொடுத்ததாலதான் எல்லாருக்கும் போச்சு' என்று பழி புகார் கொடுத்தவர்கள் தலையில் விழுந்தது.

ஆனால் விவகாரம் அதோடு முடியவில்லை. 2022 நவம்பரில் நீதித்துறையோடு சமரச ஒப்பந்தத்துக்கு வந்து, ஆன்லைனில் தரும் பாடங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி சரி செய்ய பெர்க்லி ஒத்துக்கொண்டது. நடுவில் ஹார்வர்டு, எம்.ஐ.டி. மீதும் காது கேளாதோர் சங்கம் 2015-ல் வழக்கு போட்டது. 2019-ல் ஹார்வர்டும் 2020-ல் எம்.ஐ.டி.யும் வீடியோக்களுக்கு எழுத்து போட ஒத்துக்கொண்டு சமரசம் ஆயின.

பெர்க்லி சொன்ன செலவு கணக்கு பொய் இல்லை. ஒரு மணி நேர பேச்சை பழகியவர் டைப் அடித்தாலே நாலைந்து மணி நேரம் பிடிக்கும். 12 வார பாடம் என்றால் 30 மணி நேர வீடியோ. கணக்கு போட்டு பாருங்கள். அதுவே 20 ஆயிரம் வீடியோ என்றால் தலை சுற்றும். ஆனால் ஒவ்வொரு வாரமும் வகுப்பை படம் பிடித்தபோதே எழுத்தையும் போட்டிருந்தால் இவ்வளவு சேர்ந்திருக்குமா? வீட்டை கட்டி முடித்த பிறகு சுவரை உடைத்து பைப் போடுகிற கதைதான்.

நம் கல்லூரிகள் இப்போதுதான் வீடு கட்டிக்கொண்டிருக்கின்றன. கொரோனா காலத்தில் 2020-ல் அவசர அவசரமாக எடுத்த வீடியோக்கள் ஒரு பக்கம் கிடக்கட்டும். இனிமேல் எடுப்பதை ஒழுங்காக எடுக்கலாமே? 'இதை இங்கே போடு' என்பதற்கு பதில் 'எக்சை 2-ஆல் பெருக்கு' என்று வாத்தியார் சொல்ல காசு வேண்டுமா? நோட்ஸை யூனிகோடில் அடிக்க தனி பட்ஜெட் வேண்டுமா? படத்துக்கு கீழே 'இந்த படத்தில் விலை ஏறும்போது தேவை இறங்குகிறது' என்று ஒரு வரி எழுதுவதற்கு எந்த கமிட்டி கூட வேண்டும்? சைகை மொழிக்கு நிஜமாகவே பணமும் ஆளும் வேண்டும், அதை அரசுதான் தர வேண்டும். மற்ற முக்கால்வாசி வேலை அக்கறை இருந்தால் நடக்கிற வேலை.

திரை எழுத்தால் மற்றவர்களுக்கும் லாபம் இருக்கிறது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஆங்கில பாடத்தை கேட்டு முழிக்கிற பிள்ளைக்கு, பஸ்சில் சத்தத்துக்கு நடுவே பாடம் பார்க்கிற பிள்ளைக்கு, எல்லாம் அது உதவும். என்.பி.டி.இ.எல். பாடங்கள் பலவற்றின் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது. அதை தேடி எடுத்துக்கொள்ள சொல்லும் கல்லூரிகளைத்தான் காணோம்.

எங்கே புகார் கொடுப்பது?

அந்த தந்தை கேட்ட கேள்விக்கு விசாரித்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். இதே தவிப்பில் இருக்கும் பெற்றோருக்கு உதவலாம்.

முதலில் கல்லூரி முதல்வருக்கு எழுத்து மூலமாக மனு கொடுத்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த பாடம், எந்த வாரம், எது படிக்க முடியவில்லை என்று குறிப்பாக எழுத வேண்டும். 'கஷ்டமா இருக்கு' என்று பொதுவாக எழுதினால் குப்பைத்தொட்டிதான். பதில் இல்லாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு புகார் அனுப்பலாம். 2016 சட்டப்படி அவர் விசாரித்து சிபாரிசு செய்தால், சம்பந்தப்பட்ட அதிகாரி 3 மாதத்துக்குள் என்ன நடவடிக்கை எடுத்தார் என்று பதில் சொல்லியாக வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை ரூ.10 ஆயிரம் வரை, அடுத்தடுத்து மீறினால் ரூ.50 ஆயிரம் முதல் ரூ.5 லட்சம் வரை அபராதமும் உண்டு. கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம்.

டீக்கடை பெஞ்சிலேயே மனு எழுதப்பட்டது. மாணவி சொல்ல சொல்ல நாம் எழுதினோம். 3-வது வார கேள்வித்தாள், 5 கேள்விகளில் குறியீடு படமாக இருந்தது, 4-வது வார நோட்ஸ் முழுவதும் போட்டோ என்று தேதி வாரியாக சொன்னார். எதையும் பார்த்து சொல்லவில்லை, எல்லாம் மனப்பாடம்.

"அடுத்த பருவத்துக்கும் இதே பாடத்தைத்தான் எடுப்பியாம்மா?" என்று கேட்டோம்.

"ஆமாண்ணா. அந்த ஆல்பா எனக்கு இப்ப தெரியும்ல" என்றார்.

மனுவுக்கு ரசீது கொடுத்திருக்கிறார்கள். கல்லூரி தரப்பில் இருந்து இதுவரை பதில் வரவில்லை.